கேளுங்கள், சொல்கிறேன்: ஊர் இங்கே, கல்லறை அங்கே

சென்ற இதழில் எஃகு ஊர்களைப் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, ஜாம்ஷெட்பூருக்குப் பெயர் கொடுத்த ஜாம்ஷெட்ஜி டாடாவின் கல்லறை இங்கிலாந்தில் ஒரு காட்டுக்குள் இருக்கிறது, நான் போய்ப் பார்த்திருக்கிறேன் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்குத்தான் கடிதங்கள். கேட்டிருந்த மற்ற விஷயங்களை (மூட்டுவலிக்கு முடக்கத்தான் தோசை உள்பட) அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை கல்லறைக் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நான் ஜாம்ஷெட்பூரில் கத்மாவில் பிறந்து வளர்ந்தவன் சார். வருடா வருடம் டாடா பிறந்த நாளான மார்ச் 3-ம் தேதி ஜூபிலி பார்க்கில் விளக்கலங்காரம் பார்த்திருக்கிறேன். ஆனால் டாடாவை எங்கே அடக்கம் செய்தார்கள் என்று பள்ளிக்கூடத்தில்கூடச் சொன்னதில்லை. நிஜமாகவே இங்கிலாந்திலா? ஏன்?
*வாசகர், ஜாம்ஷெட்பூர்*

அட, நானும் கத்மாக்காரன்தான். அப்பாவுக்குக் கம்பெனியில் டிராயிங் ஆபீஸில் வேலை. நம் ஊரில் கம்பெனி என்றால் ஒரே கம்பெனிதான், பெயரைச் சேர்த்துச் சொன்னால் வெளியூர்க்காரன் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். காலைச் சங்கு ஊதினால்தான் அம்மா உலை வைப்பாள். அப்படி வளர்ந்த எனக்கும் ஐம்பது வயது தாண்டும்வரை இது தெரியாது. பார்க்கில் சிலை இருக்கிறது, மாலை போடுகிறார்கள். அப்புறம் சமாதி எங்கே என்று கேட்கத் தோன்றுவதில்லை.

நிஜமாகவே இங்கிலாந்தில்தான். 1904-ல் உடம்பு சரியில்லாமல் ஐரோப்பா போனார். ஜெர்மனியில் பாட் நௌஹைம் என்ற ஊரில், மே 19-ம் தேதி காலமானார். 65 வயது. அந்தக் காலத்தில் பம்பாய்க்குக் கப்பலில் வர வாரக்கணக்கில் ஆகும். இங்கிலாந்தில் லண்டனுக்குத் தென்மேற்கே சர்ரே மாவட்டத்தில் புரூக்வுட் என்ற பெரிய இடுகாடு இருக்கிறது. அதில் 1862-லிருந்தே பார்சிகளுக்கென்று ஒரு தனிப் பகுதி உண்டு. டாடாவும் பார்சிதான், அங்கே கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று சொல்கிறேன். நம் ஊரை அவர் பார்த்ததே இல்லை. மயூர்பஞ்ச் சமஸ்தானத்தில் நல்ல இரும்புத்தாது கிடக்கிறது என்று பிரமத நாத் போஸ் என்ற நிலவியல் அறிஞர் அவருக்குக் கடிதம் எழுதியது 1904 பிப்ரவரி 24-ல். மூன்று மாதத்தில் அவர் போய்விட்டார். எஃகுக் கம்பெனியைப் பதிவு செய்தது 1907-ல். சுவர்ணரேகாவும் கர்காயும் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் சாக்சி என்ற கிராமத்தைத் தேர்ந்தெடுத்ததும் அதே வருடம்தான். முதல் எஃகு வார்த்தது 1912 பிப்ரவரியில். முதல் உலகப் போரில் மெசபொடேமியா முனைக்கு இங்கிருந்து தண்டவாளம் போனதால் மனம் குளிர்ந்து, வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டு நேரில் வந்து ஜாம்ஷெட்பூர் என்று பெயர் வைத்தது 1919-ல். காலிமாட்டி ஸ்டேஷன் டாடாநகர் ஆனதும் அதை ஒட்டித்தான். அதற்குள் அவர் புரூக்வுட்டுக்குப் போய்ப் பதினைந்து வருடம் ஓடிவிட்டது.

ஆனால் ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று அவர் மகன் தோராப்ஜிக்கு 1902-லேயே கடிதம் எழுதியிருந்தார். தெருக்கள் அகலமாக இருக்க வேண்டும், நிழல் மரம் வைக்க வேண்டும், அதிலும் ஒன்று விட்டு ஒன்று சீக்கிரம் வளர்கிற ஜாதியாக இருக்க வேண்டும், கால்பந்துக்கும் ஹாக்கிக்கும் மைதானம் ஒதுக்க வேண்டும், கோயில், மசூதி, தேவாலயம் எல்லாவற்றுக்கும் இடம் விட வேண்டும் என்று. இடமே கிடைக்காத ஊருக்கு, மரம் எந்த ஜாதி என்பதுவரை யோசித்திருக்கிறார். இடுகாடு பற்றி அந்தக் கடிதத்தில் ஒன்றும் எழுதியதாக நான் படித்ததில்லை.

பார்சிகள் உடலைப் புதைப்பதும் இல்லை, எரிப்பதும் இல்லை, கழுகுக்குத்தானே வைப்பார்கள்? பிறகு டாடாவுக்கு மட்டும் எப்படிக் கல்லறை?
*வாசகி, சேலம்*

நல்ல கேள்வி அம்மா. நெருப்பு, தண்ணீர், மண் மூன்றும் அவர்களுக்குப் புனிதம். பிணத்தால் அவை தீட்டாகக் கூடாது என்பதால்தான் தக்மா என்கிற வட்டமான கல்மேடையில் வைத்துவிடுகிறார்கள். மும்பை மலபார் ஹில்லில் இன்றும் இருக்கிறது. ஆனால் தக்மா இல்லாத ஊரில் என்ன செய்வது? புதைப்பார்கள். அந்த இடத்துக்கு ஆராம்கா என்று பெயர், அதாவது இளைப்பாறும் இடம். லண்டனில் தக்மா கட்டினால் கழுகுக்கு எங்கே போவது?

இதற்கு இங்கிலாந்துவரை போக வேண்டியதில்லை. சென்னை ராயபுரத்தில் 1910-ல் கட்டிய பார்சி அக்கினிக் கோயில் இருக்கிறது. சென்னையில் தக்மா இல்லாததால் இங்குள்ள பார்சிகளும் அடக்கம்தான் செய்கிறார்கள்.

இன்னொன்று. மும்பையிலேயே இப்போது பாறுக் கழுகுகள் இல்லை. மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. கால்நடைகளுக்கு அந்த மருந்தை 2006-ல் தடை செய்தார்கள், ஆனால் போன கழுகு திரும்பவில்லை. பல பார்சிக் குடும்பங்கள் மின்தகனத்துக்குப் போய்விட்டன. 2024 அக்டோபரில் ரத்தன் டாடா காலமானபோது வொர்லி மயானத்தில் தகனம் செய்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள்.

புரூக்வுட்டுக்குப் பிணங்களை ஏற்றிக்கொண்டு போகத் தனி ரயிலே விட்டார்களாமே! நான் ரயில்வேயில் 34 வருடம் வேலை பார்த்தவன், கதை விடாதீர்கள்.
*ஓய்வுபெற்ற கார்டு, ஈரோடு*

கதை இல்லை கார்டு சார், உங்கள் ஜோலியே அதில் இருக்கிறது. 1848, 49-ல் லண்டனில் காலரா வந்து ஆயிரக்கணக்கில் செத்தார்கள். தேவாலய முற்றங்களில் புதைக்க இடமில்லை. நகரத்துக்கு வெளியே 37 கிலோமீட்டர் தள்ளி, உபயோகமில்லாத பொட்டல் காட்டை ஒரு கம்பெனி வாங்கி 1854 நவம்பரில் இடுகாடு திறந்தது. அன்றைக்கு உலகத்திலேயே பெரிய இடுகாடு அதுதான். அவ்வளவு தூரம் எப்படிக் கொண்டுபோவது? வாட்டர்லூ பக்கத்தில் தனி ஸ்டேஷன் கட்டி, தினமும் ரயில் விட்டார்கள். இடுகாட்டுக்குள் இரண்டு ஸ்டேஷன்: ஒன்று இங்கிலாந்துத் திருச்சபைக்காரர்களுக்கு, மற்றது மீதிப் பேருக்கு.

டிக்கெட்டில் மூன்று வகுப்பு உண்டு, உயிரோடிருப்பவர்களுக்கும் சரி, சவப்பெட்டிக்கும் சரி. துக்கத்துக்கு வந்தவர்களுக்கு ரிட்டர்ன் டிக்கெட். சவப்பெட்டிக்கு ஒருவழி டிக்கெட்தான். 1941 ஏப்ரலில் ஜெர்மன் குண்டு விழுந்து லண்டன் ஸ்டேஷன் நொறுங்கியதும் அந்தச் சேவை நின்றுபோனது. பணி மூப்புப் பட்டியலில் அந்த ரயிலுக்கு கார்டாகப் போக யார் முன்வந்திருப்பார்கள் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நீங்கள் போய்ப் பார்த்த அனுபவத்தை எழுதாமல் ஒரே வரியில் தாண்டிவிட்டீர்களே?
*வாசகர், திருப்பூர்*

தாண்டியதற்குக் காரணம், அது பெருமைப்படும்படியான பயணம் இல்லை.

என் மகள் வோக்கிங்கில் இருந்தாள். புரூக்வுட் அதற்கு அடுத்த ஸ்டேஷன். அக்டோபர் மாதம், பிசுபிசு மழை. கிளம்பும்போதே ஊரிலிருந்து ஒரு பொருள் எடுத்துப்போயிருந்தேன்: அப்பாவின் மேஜையில் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருந்த இரும்புத்தாதுக் கல். சுரங்கத்துக்குப் போன யாரோ கொண்டுவந்து கொடுத்தது. உள்ளங்கை அளவுதான், ஆனால் தூக்கினால் கை தாழும். கர்ச்சீப்பில் சுற்றினால் துணியெல்லாம் செம்மண் கறை. விமான நிலையத்தில் எக்ஸ்ரேயில் கறுப்பாகத் தெரிந்திருக்கிறது. பையைத் திறக்கச் சொன்னார்கள். "என்ன இது?" "கல்." "எதற்கு?" எதற்கு என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. "அப்பாவுடையது" என்றேன். அந்தப் பெண் சிரித்துவிட்டு மூடிக் கொடுத்துவிட்டாள்.

புரூக்வுட்டில் ரயிலை விட்டு இறங்கினால் ஸ்டேஷனிலிருந்தே இடுகாட்டுக்குள் போக வழி இருக்கிறது. முந்தின நாள் ஒருவர் தொலைபேசியில் வழி சொல்லியிருந்தார். அவர் சொன்னபடி போனேன். இடுகாட்டை ஒரு சாலை இரண்டாகப் பிரிக்கிறது. நான் போனது டாடா இல்லாத பக்கம்! 2,35,000 பேருக்கு மேல் படுத்திருக்கிற இடத்தில் ஒருவரைத் தேடுவது என்றால் என்ன என்று அன்றைக்குத் தெரிந்தது. இரண்டு பக்கமும் வானத்தைத் தொடுகிற மாதிரி செங்கட்டை மரங்கள். அமெரிக்காவின் ராட்சத மரமான செக்கோயாவை இங்கிலாந்தில் முதன்முதல் நட்ட இடங்களில் இதுவும் ஒன்று. மரப்பட்டையைத் தொட்டால் தேங்காய் நார் போல மெத்தென்று இருக்கும். அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே ஒன்றேகால் மணி நேரம் தப்பான பக்கத்தில் சுற்றினேன். ஷூவுக்குள் தண்ணீர். மகள் போனில், "அப்பா, பேசாமல் திரும்பி வந்துவிடு" என்கிறாள்.

நாயைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு கிழவர்தான் சாலையைத் தாண்டிக் கூட்டிப்போய் விட்டார். டாடா என்றால் அவருக்குத் தெரியவில்லை. "அந்தப் பாரசீக வீடுகளா?" என்று கேட்டார். போய்ப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. சுற்றிலும் சாதாரணக் கற்கள், சிலுவைகள். நடுவே பழைய பாரசீகச் சாயலில் சின்னச் சின்ன மண்டபங்கள், கனமான கதவுகளோடு. காட்டுக்குள் ஒரு ராஜ வம்சத்தின் குட்டித் தெரு மாதிரி. வாடியா குடும்பத்துக்கும் அங்கே மண்டபம் உண்டு. இலையும் சருகும் படிக்கட்டில் ஒட்டிக்கிடந்தன. பாசி பிடித்திருந்தது, ஆனால் பாழாகவில்லை.

ஜாம்ஷெட்ஜியின் பெயரைக் கல்லில் படித்ததும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. உண்மையைச் சொல்கிறேன். கண்ணீர் வரும் என்று நினைத்துப் போனவன், நனைந்த சாக்ஸைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கல்லை எடுத்து வாசல்படியில் வைத்தேன். மழைத் தண்ணீர் பட்டதும் அதிலிருந்து சிவப்பாக ஒரு கோடு இறங்கி வெள்ளைப் படியில் ஓடியது. ஐயோ, கறை பட்டுவிடும் என்று பதறிப்போய்க் கர்ச்சீப்பால் துடைத்து, கல்லை மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டேன். அது இப்போதும் என் மேஜையில் இருக்கிறது.

டாடா ஒருவர்தானா, குடும்பம் முழுவதும் அங்கேதானா?
*வாசகர், கோவில்பட்டி*

முழுக் குடும்பம் இல்லை. ஆனால் ஊரை உண்மையில் கட்டியவர் அங்கேதான் இருக்கிறார், மூத்த மகன் தோராப்ஜி. அவர் பக்கத்தில் மனைவி மெஹர்பாய். அணுவிஞ்ஞானி ஹோமி பாபாவுக்கு இந்த மெஹர்பாய் அத்தை முறை.

தோராப்ஜி மனைவிக்கு ஒரு வைரம் வாங்கிக் கொடுத்திருந்தார். ஜூபிலி வைரம் என்று பெயர். 245 காரட், இப்போதைய கோஹினூரைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். 1924-ல் கம்பெனிக்குச் சம்பளம் போடப் பணமில்லாத நெருக்கடி வந்தது. தோராப்ஜி தன் சொந்தச் சொத்தையும் அந்த வைரத்தையும் இம்பீரியல் வங்கியில் அடகு வைத்து ஒரு கோடி ரூபாய் கடன் வாங்கினார். ஆலை பிழைத்தது. நம் வீடுகளில் கஷ்டம் வந்தால் அம்மாவின் வளையல் சேட்டுக் கடைக்குப் போகும் இல்லையா, அதேதான், எடைதான் வேறு.

மெஹர்பாய் 1931 ஜூனில் ரத்தப் புற்றுநோயில் இறந்தார். புரூக்வுட்டில் அடக்கம். மறுவருடம், மனைவியின் முதல் நினைவு நாளுக்குக் கல்லறையைப் பார்க்க வேண்டும் என்று தோராப்ஜி கப்பல் ஏறினார். போய்ச் சேரவில்லை. ஜெர்மனியில் பாட் கிஸ்ஸிங்கனில் ஜூன் 3-ம் தேதி காலமானார். அவரையும் அங்கே கொண்டுவந்து பக்கத்தில் சேர்த்தார்கள். குழந்தை இல்லை. சொத்தெல்லாம் அறக்கட்டளைக்குப் போனது. வைரத்தை விற்ற பணமும் அதற்குத்தான். 1941-ல் பம்பாயில் டாடா புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியது அந்த அறக்கட்டளை. நம்மூர்க்காரர்கள் எத்தனை பேர் கையில் ரிப்போர்ட் ஃபைலோடு அந்த வாசலில் நின்றிருப்பார்கள்!

இளைய மகன் ரத்தன் டாடாவும் (அண்மையில் மறைந்தவர் இல்லை, இவர் 1918-ல் கார்ன்வாலில் இறந்தவர்) அப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறார். இவரைப் பற்றி அடுத்த கேள்வியில்.

எனக்கு மிகவும் பிடித்தவர் கடைசியாக வந்து சேர்ந்த ஒருவர். ஷாபூர்ஜி சக்லத்வாலா. ஜாம்ஷெட்ஜியின் தங்கை ஜெர்பாயின் மகன். மாமாவின் எஃகு ஆலைக்காகக் காடுமேடெல்லாம் இரும்பு தேடி அலைந்தவர். இங்கிலாந்துக்குப் போய் என்ன ஆனார் தெரியுமா? கம்யூனிஸ்ட்! லண்டனில் பாட்டர்சீ வடக்குத் தொகுதியில் 1922-லும், பிறகு 1924-லும் ஜெயித்து பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் உட்கார்ந்தார். 1926 பொது வேலைநிறுத்தத்தை ஒட்டி ஹைட் பார்க்கில் பேசிய மே தினப் பேச்சுக்கு இரண்டு மாதம் ஜெயில். 1927-ல் இந்தியா வந்து காந்தியோடு கடிதத்திலேயே சண்டை பிடித்தார். 1936-ல் இறந்தபோது தகனம் செய்து, அஸ்தியைக் கொண்டுவந்து வைத்தது எங்கே? இதே புரூக்வுட்டில், மாமா வீட்டாருக்குப் பக்கத்தில். முதலாளி மாமாவும் செங்கொடி மருமானும் ஒரே வளாகத்தில். ராத்திரி அங்கே என்ன விவாதம் நடக்கும் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

இந்தக் கல்லறைக்கும் தமிழர்களுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா, அல்லது சும்மா பொது அறிவா?
*வாசகி, மயிலாடுதுறை*

உங்கள் ஊரிலிருந்து கேட்டதுதான் பொருத்தம். மேலே சொன்ன இளைய மகன் ரத்தன், தென்னாப்பிரிக்காவில் காந்தி நடத்திய சத்தியாகிரகத்துக்கு 1909-ல் 25,000 ரூபாய் அனுப்பினார். பிறகும் அனுப்பினார். மொத்தம் 1,25,000. அன்றைய மதிப்பில் அது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தப் போராட்டத்தில் திரும்பத் திரும்ப ஜெயிலுக்குப் போனவர்களில் தமிழர்கள்தான் ஏராளம். ஆண்கள் உள்ளே போனால் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா? அதற்குத்தான் பணம் தேவைப்பட்டது.

உங்கள் மாவட்டத்துத் தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட வள்ளியம்மை, ஜெயிலில் காய்ச்சல் கண்டு, வெளியே வந்த சில நாளில் 1914 பிப்ரவரி 22-ல் இறந்தாள். பதினாறு வயது. அவள் கல்லறை ஜோகன்னஸ்பர்க் பிராம்ஃபோன்டெய்னில். ரத்தன் டாடாவும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்திருக்க வழியில்லை. ஒருவர் ட்விக்கன்ஹாம் யார்க் ஹவுஸ் மாளிகைக்குச் சொந்தக்காரர், மற்றவள் ஒரு சிறு வியாபாரியின் மகள். இரண்டு பேருக்கும் மண் கிடைத்தது அயல்நாட்டில்.

வ.உ.சி. கப்பல் விட்டதைக் கொண்டாடுகிறோம். டாடாவும் விட்டாராமே?
*வாசகர், தூத்துக்குடி*

விட்டார். 1890-களின் நடுவில், ஜப்பானின் நிப்பான் யூசென் கைசா என்ற கப்பல் கம்பெனியோடு கைகோத்து, பி அண்ட் ஓ என்ற வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனியின் அநியாயக் கட்டணத்தை எதிர்த்து. வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்தே நசுக்கிவிட்டது. வ.உ.சி.க்கும் 1906-க்குப் பிறகு அதே வைத்தியம்தான். ஒரு வித்தியாசம்: டாடா நஷ்டத்தை எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார். வ.உ.சி. செக்கு இழுத்தார்.

ஒரு முதலாளி கல்லறைக்கு இத்தனை பக்கமா? ஆலையில் செத்த தொழிலாளிக்குக் கல்லறை எங்கே?
*வாசகர், நெய்வேலி*

நியாயமான கோபம். சாக்சி காலி இடம் இல்லை. சந்தால், ஹோ, பூமிஜ் மக்கள் வாழ்ந்த மண். ஆலை கட்டும்போது மண் சுமந்த பழங்குடிப் பெண்களை எங்கள் ஊரில் 'ரேஜா' என்பார்கள். அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. எட்டு மணி நேர வேலையை 1912-லேயே கொண்டுவந்த கம்பெனி என்று பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான். 1928-ல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்து, சுபாஷ் சந்திர போஸ் வந்து தலையிட வேண்டியிருந்தது என்பதும் உண்மைதான்.

என் அப்பாவை சுவர்ணரேகா கரையில் எரித்தோம். அஸ்தியும் அதே ஆற்றில். கல் இல்லை. அவர் போட்ட டிராயிங் ஒன்றிரண்டு ஏதாவது பீரோவில் இருக்கலாம். அவ்வளவுதான். பக்கத்தைக் குறைக்கச் சொன்னால் குறைத்துவிடுகிறேன். ஆனால் இதையும் எழுத வைத்தது உங்கள் கேள்விதான்.

ஜே.ஆர்.டி. டாடாவும் புரூக்வுட்டில்தானா?
*மாணவி, காரைக்குடி*

இல்லை. 1993 நவம்பரில் ஜெனீவாவில் காலமானார், பாரிஸில் பெர் லஷேஸ் இடுகாட்டில் அடக்கம். அவர் அம்மா பிரெஞ்சுக்காரி. அப்பாவும் அம்மாவும் அங்கே இருக்கிறார்கள்.

அஸ்தியோ எலும்போ, எது இருக்கிறதோ அதை ஜாம்ஷெட்பூருக்குக் கொண்டுவந்து ஒரு மணிமண்டபம் கட்டினால் என்ன? நமக்கு அந்த உணர்வே இல்லையா?
*வாசகர், விருதுநகர்*

வேண்டாம் என்பது என் கருத்து. சொன்னால் வசவு வரும், பரவாயில்லை.

கொண்டுவந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். மண்டபத்தைச் சுற்றிக் கம்பி வேலி. வாசலில் செருப்பு டோக்கன். மார்ச் 3-ம் தேதி அமைச்சர்கள் வரிசை. மற்ற 364 நாளும் பூட்டு. பக்கத்தில் பானிபூரி வண்டி. (பானிபூரி வண்டியை மட்டும் நான் ஆதரிக்கிறேன்.) தோராப்ஜி கப்பல் ஏறியது மனைவி கல்லறையைப் பார்க்க. அவர்கள் இருவரையும் பிரித்து ஒருவரை மட்டும் தூக்கிவர முடியுமா? சக்லத்வாலாவை என்ன செய்வது, அவரையும் சேர்த்தா? அங்கே ஒரு குடும்பமாக இருக்கிறார்கள். சர்ரே மழையில் நனைந்துகொண்டு இருக்கட்டும்.

உணர்வு இருந்தால் கடிதத்தில் அவர் கேட்ட மரத்தை வெட்டாமல் இருங்கள். பிஸ்டுபூர் பக்கம் போன முறை போனபோது, நான் சைக்கிள் சாத்தி வைக்கும் பெரிய தூங்குமூஞ்சி மரம் இருந்த இடத்தில் கார்கள் நின்றன.

அடுத்த வருடம் லண்டன் போகிறோம். புரூக்வுட் போக வழி சொல்லுங்கள்.
*தம்பதியர், கோயம்புத்தூர்*

வாட்டர்லூ ஸ்டேஷனில் வோக்கிங் வழியாகப் போகும் ரயில் ஏறுங்கள். வோக்கிங் தாண்டி அடுத்தது புரூக்வுட். ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஸ்டேஷனிலிருந்தே இடுகாட்டுக்குப் போகிற பக்கமாக வெளியே வாருங்கள். நேரே அலுவலகத்துக்குப் போய் வரைபடம் வாங்கிக்கொண்டு, பார்சி பகுதி எந்தப் பக்கம் என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். போனில் கேட்காதீர்கள், என் கதி தெரியுமல்லவா. நேரம் இருந்தால் முஸ்லிம் பகுதியையும் பாருங்கள். குர்ஆனை ஆங்கிலத்தில் தந்த பிக்தாலும் அப்துல்லா யூசுஃப் அலியும் அங்கேதான் அடக்கம். திரும்பும்போது வோக்கிங்கில் இறங்கினால், 1889-ல் கட்டிய ஷாஜஹான் மசூதி நடந்துபோகிற தூரத்தில் இருக்கிறது.

ஊதுவத்தி, கற்பூரம் எல்லாம் வேண்டாம். குடை அவசியம். இன்னொரு ஜோடி சாக்ஸ் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.